அருவியில் தண்ணீர் குறையும் வரை

என் தம்பிக்கு,

இதை நீ படிக்கும்போது உனக்கு மீசை முளைத்திருக்கும். இப்போது உனக்கு ஆறு வயது. "பால்", "படம்" என்று எழுத்துக்கூட்டிப் படிப்பாய், அதற்கு மேல் வராது. அதனால் வளர்ந்துவிட்ட உனக்குத்தான் இதை எழுதுகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள். எனக்கு வாயால் பேச வராது என்பது உனக்குத் தெரியும். எதிரே நாலு பேர் நின்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும், தலை தானாகக் குனிந்துகொள்ளும். அப்படித்தான் ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் போய்விட்டேன். "இந்தப் பையன் யாரும்மா?" என்று நம் வீட்டுக்குள் வைத்து ஓர் அம்மாள் கேட்டார். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். ஊரில் யார் படித்தாலும் படிக்கட்டும். வருகிற தையில் எனக்குக் கல்யாணம். நீ வரமாட்டாய். நீ வர வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஏன் என்று நீ கேட்கிற வயதில் நான் உன் பக்கத்தில் இருப்பேனோ என்னவோ.

உன்னைப் பெற்ற மாதமே அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா தன் சின்ன லோடு வண்டியில் நம் ஊர் காவலூரிலிருந்து புளியும் பலாப்பழமும் ஏற்றிக்கொண்டு வாணியம்பாடி சந்தைக்குப் போய்வருகிறவர். விடிவதற்குள் கிளம்பினால்தான் வியாபாரம். அத்தை ஆலங்காயத்திலிருந்து வந்து கொஞ்ச நாள் இருந்தாள். பிறகு அவளுக்கும் வீடு வாசல் இருக்கிறதே, போய்விட்டாள். நான் எட்டாவது பரீட்சை எழுதிவிட்டு லீவில் இருந்தேன். லீவு முடிந்தது. உன்னைத் தூளியில் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போக முடியவில்லை. என்னை யாரும் போகாதே என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அப்பா ஒரு நாள் என் யூனிபார்மை எடுத்து மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தார். அவ்வளவுதான் நடந்தது. எனக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாக நினைக்காதே. நீ பால் குடித்துவிட்டு ஏப்பம் விட்டால் எனக்குப் பரீட்சையில் பாஸான மாதிரி இருக்கும்.

நீ முதலில் பேசிய வார்த்தை "ம்மா". என்னைப் பார்த்துத்தான் சொன்னாய். அப்பா வாசலில் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார். நானும் திருத்தவில்லை. வேறு யாரை அப்படிக் கூப்பிடுவாய்? களி கிண்டும்போது என் தாவணித் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். தொலைநோக்கி வைத்து வானத்தைப் பார்க்கிற அந்தப் பெரிய வெள்ளை உருண்டைக் கட்டடம் மரங்களுக்கு மேலே தெரியுமே, அதற்கு நீ "முட்டை வூடு" என்று பேர் வைத்திருந்தாய். "ம்மா, முட்டை வூட்ல கோழி எங்க?" என்று கேட்பாய். கோழி மேலே நட்சத்திரம் பொறுக்கப் போயிருக்கிறது என்று சொல்வேன். உனக்கு நாலு வயது ஆகும் வரை நம் வீட்டில் இதுதான் வழக்கம், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் தாவணியிலிருந்து புடவைக்கு மாறிய பிறகுதான் தண்ணீர்க் குழாயடியில் பேச்சு மாறியது. "இன்னாம்மா, புள்ளைய இட்டுகினு எங்க கெளம்பிட்ட?" என்று சிரிப்பார்கள். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சிரிப்பு ஒரு மாதிரி இருக்கும்.

அத்தைதான் வெளிப்படையாகச் சொன்னாள். "இப்டியே வுட்டா எப்டிடி? நாளைக்கு உன்னப் பொண்ணு பாக்க வர்றவன் இன்னா நெனப்பான்? அக்கான்னு கூப்ட கத்துக் குடு. ஜல்தியா கத்துக் குடு." அதற்கு அவளே வழியும் சொன்னாள். ஒரு டப்பா நிறையக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். நீ "அக்கா" என்று சொன்னால் ஒரு துண்டு. "அம்மா" என்று சொன்னால் நான் திரும்பிப் பார்க்கக் கூடாது. முதல் சில நாள் நீ என் முதுகுக்குப் பின்னால் நின்று அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாய். நான் அரிசியைப் புடைத்துக்கொண்டே இருப்பேன். அரிசியில் கல் இருக்கிறதா என்றே எனக்குத் தெரியாது. பிறகு நீ சட்டென்று புரிந்துகொண்டாய். "அக்கா" என்று சொல்லிவிட்டு வலது உள்ளங்கையை நீட்டுவாய். கெட்டிக்காரன் நீ. மிட்டாய் தீர்ந்த பிறகும் சில நாள் சொல்லிவிட்டுக் கையை நீட்டினாய். அப்புறம் அதுவும் நின்றது. தூக்கத்திலும், கீழே விழுந்து அடிபட்டாலும் மட்டும் பழைய வார்த்தை வரும். அதற்கு மிட்டாய் கொடுத்தும் மாற்ற முடியவில்லை.

போன சித்திரையில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். திருப்பத்தூர் பக்கத்துக் குடும்பம். உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். நான் காபித் தட்டோடு வந்து நின்ற நேரத்தில் நீ முழங்காலில் ரத்தத்தோடு ஓடி வந்து, "அம்மா" என்று அலறிக்கொண்டு என் காலைக் கட்டிக்கொண்டாய். தட்டில் காபி சிந்தியது. மாப்பிள்ளையின் அம்மா உன்னையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "இந்தப் பையன் யாரும்மா?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "என் தம்பி, அம்மா இல்லாததால் நான் வளர்க்கிறேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தட்டைக் கீழே வைத்துவிட்டு, உன்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். உன் முழங்காலில் மஞ்சள் வைத்தேன். வெளியே அத்தை ஏதேதோ விளக்கிச் சொல்வது கேட்டது. அத்தை எவ்வளவு சொன்னாளோ அவ்வளவுக்கு அவர்கள் நம்பவில்லை. "போய் சொல்லி அனுப்புறோங்க" என்றார்கள். அதற்கடுத்து வர இருந்தவர்கள் வரவேயில்லை. ஊரில் விசாரித்தார்களாம்.

அதனால் உனக்கு ஒன்று சொல்கிறேன், இதை மட்டும் மறக்காதே. நீயும் ஒரு நாள் பெண் பார்க்கப் போவாய். அங்கே ஒரு பெண் தலை குனிந்து பேசாமல் நின்றால், பேசாமல் இருப்பதையே பதிலாக எடுத்துக்கொள்ளாதே. அவளுக்குத் தொண்டை அடைத்திருக்கலாம். கொஞ்சம் பொறு. தண்ணீர் கேள். குடித்துவிட்டு மறுபடியும் மெதுவாகக் கேள்.

சித்தியைப் பற்றி உனக்குத் தவறான எண்ணம் எதுவும் வரக் கூடாது. சித்தி அம்மாவின் கூடப் பிறந்தவள். கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். சித்தப்பாவுக்குக் கம்பெனி வேலை. அவர்களுக்குக் குழந்தை இல்லை. நீ பிறந்தபோதே கேட்டாள், அப்பா தரவில்லை. நம் வீட்டு விஷயம் கேள்விப்பட்டு ஆனியில் வந்தாள். அன்றைக்கு நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். நான் அடுப்படியில் இருந்தேன். கூடத்தில் அப்பா, அத்தை, சித்தி மூன்று பேரும் பேசியதெல்லாம் எனக்குக் கேட்டது.

"மாமா, நா இன்னும் இன்னாத்த சொல்றது? என் கண்ணுல வச்சி வளப்பேன். நல்ல ஸ்கூலு வூட்டுக்கு எதுக்கயே இருக்கு" என்றாள் சித்தி.



"வாயத் தொறந்து சொல்லேன்டா" என்றாள் அத்தை அப்பாவிடம். "பொண்ணு வாழ்க்கையும் பாக்கணும் இல்ல? பையன் போறது இன்னா அசலூட்டுக்கா? சித்தி வூட்டுக்குத்தான."

"அவகிட்ட ஒரு வார்த்த கேக்கணும்" என்றார் அப்பா.

"அவகிட்டயா? கேட்டுப் பாரு. சாயங்காலம் வரைக்கும் குந்திகினு கேளு. அவ இன்னைக்கி வாயத் தொறந்தா மழ கொட்டும்."

அப்பா அடுப்படி வாசலில் வந்து நின்றார். "பாப்பா" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண்கள் எப்படி இருந்தன என்று எழுத எனக்குத் தெரியவில்லை. நான் சரி என்று தலையாட்டிவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார். ஆட்டினேனா என்று எனக்கே நினைவில்லை.

நம் ஆட்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. தத்துக் கொடுக்கிற பிள்ளையைப் பிறந்த வீட்டு வாசலில் வைத்துத் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள். அப்படிக் கொடுத்தால் பிள்ளைக்கு அந்த வாசல் நினைப்பு போகாதாம். ஓடுகிற தண்ணீரின் கரைக்குக் கொண்டுபோய், இடுப்பில் இருக்கும் பழைய அரைஞாண் கயிற்றை அறுத்துத் தண்ணீரில் விட்டுவிட்டு, வாங்குகிறவர்கள் புதுக்கயிறு கட்டி, கொஞ்சம் மஞ்சள் தண்ணீர் குடிக்கக் கொடுப்பார்கள். எந்தத் தண்ணீர் என்று யோசித்தபோது சித்திதான் ஒகேனக்கல் என்றாள். ஓசூரிலிருந்தும் நம் ஊரிலிருந்தும் ஏறக்குறைய ஒரே தூரம், நீயும் டிவியில் அதைப் பார்த்துவிட்டு நாள் முழுக்க அதே பேச்சாக இருந்தாய். "ஊரு சுத்துன மாரியும் ஆச்சு, புள்ள அழாமயும் இருப்பான்" என்றாள் அத்தை. உன்னிடம் அருவிக்குப் போகிறோம் என்று மட்டும் சொல்வதென்று பேசி முடித்தார்கள்.

நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அப்பா சொன்னார். நீ பையைக் கூடக் கழற்றாமல் வாசலுக்கும் கூடத்துக்கும் ஓடினாய். மறுநாள் உன் டீச்சரிடம், வழியில் பார்த்த பால்காரரிடம், பலாமரத்தில் கட்டியிருந்த ஆட்டிடம்கூடச் சொன்னாய். ஆனால் அந்த வாரமே மேலே கர்நாடகாவில் மழை பிடித்துக்கொண்டது. ஒகேனக்கல்லில் தண்ணீர் கூடி, குளிக்கத் தடை, பரிசல் ஓட்டத் தடை என்று டிவியில் சொன்னார்கள். அத்தை நாள் பார்த்திருந்தாள், அதைத் தள்ளி வைத்தாள். குளிக்க வைக்காமல் கயிறு கட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நீயும் நானும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். கீழே ஓடுகிற எழுத்தில் கன அடி என்று வரும். உனக்கு அந்தக் கணக்கு தெரியாது, சைபரைத்தான் எண்ணுவாய்.

"அக்கா, இன்னைக்கும் சைபரு நெறைய இருக்குது."

"ஆமாடா."

"சைபரு கம்மியானா வுடுவாங்களா?"

"வுடுவாங்க."

"சாமி, சைபர கம்மி பண்ணு" என்று நீ கண்ணை மூடிக்கொண்டு சுவரில் இருந்த முருகன் படத்தின் பக்கம் திரும்பிக் கும்பிடுவாய். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுவேன். நானும் உனக்காக வேண்டுகிறேன் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய். நான் என்ன வேண்டினேன் தெரியுமா? மழை நிற்கக் கூடாது, அணை நிறைந்து வழிய வேண்டும், தண்ணீர் குறையவே கூடாது. ஒரே படத்தின் முன்னால் உட்கார்ந்து நீ ஒன்றையும் நான் அதற்கு நேர் எதிரானதையும் கேட்டோம். ஆடி முழுக்க அந்தச் சாமி என் பக்கம்தான் இருந்தார். நம் மலையிலும் தூறிக்கொண்டே இருந்தது, துணி காயவில்லை. ஈரத் துணியை அடுப்பு மேல் பிடித்துக்கொண்டு, இன்னும் பெய் என்று நினைத்துக்கொள்வேன்.

உன் திட்டமெல்லாம் எனக்கு மனப்பாடம். பரிசலில் நீ அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் உட்கார வேண்டும். பரிசல்காரர் சுற்றிவிடும்போது யாரும் உன்னைப் பிடிக்கக் கூடாது. மீன் வறுவல் தின்ன வேண்டும், முள்ளை நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். எண்ணெய் தேய்த்து மாலிஷ் செய்கிறவர் அப்பாவின் தலையில் தாளம் போடுகிற மாதிரி அடிப்பார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதைப் பார்க்க வேண்டும். முதலைப் பண்ணைக்குப் போக வேண்டும், ஆனால் கிட்டே போகக் கூடாது. திரும்பி வரும்போது ஆட்டுக்கு அருவித் தண்ணீர் ஒரு பாட்டிலில் கொண்டுவர வேண்டும். ஒரு நாள் நான் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன், அவ்வளவு தூரம் எதற்கு, நம் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் பீமன் அருவி இருக்கிறதே, அங்கே போகலாமே என்று. நீ என்னைப் பாவமாகப் பார்த்தாய்.

"அக்கா, அதுல பரிசலு போவுமா?"

"போவாது."

"டிவில காட்டறாங்களா?"

"இல்ல."

"அப்போ அது சும்மா தண்ணி" என்றாய்.

அப்பாவும் ஏற்பாடு செய்துகொண்டுதான் இருந்தார். அவர் பேசுகிறவர் இல்லை, என் தொண்டை அவரிடமிருந்து வந்ததுதான். ஒரு நாள் சந்தையிலிருந்து வந்தவர் உனக்கு ஒரு மஞ்சள் டவுசர் வாங்கி வந்தார். "தண்ணில நின்னா தூரத்துல இருந்தே தெரியும்" என்றார். இன்னொரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "பரிசல்ல இவன் அளவுக்கு லைஃப் ஜாக்கெட்டு இருக்குமா பாப்பா?" என்றார். இருக்கும் என்றேன். "பெருசா இருந்தா கழண்டுக்கும்" என்றார். அதற்குப் பிறகு சாப்பிடவில்லை, கை கழுவிவிட்டார்.

ஆவணி பிறந்து சில நாளில் சைபர் ஒன்று குறைந்தது. நீதான் முதலில் பார்த்தாய். எழுந்து நின்று கைதட்டினாய். குளிக்கத் தடை நீங்கியது, பரிசல் ஓடத் தொடங்கியது என்று டிவிப் பெண் படித்தாள். எனக்கு அந்தப் பெண் மீது கோபம் வந்தது. வெறும் செய்தியைப் படிக்கிறவள் மீது என்ன கோபம்? ஆனாலும் வந்தது. அத்தை மறுநாளே போன் செய்து நாள் குறித்துவிட்டாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பகலில் பையில் துணி அடுக்கினேன். உனக்கு இருந்ததெல்லாம் எடுத்து வைத்தேன். நீ ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாய். "அக்கா, ஒரு நாளுக்கு எதுக்கு ஸ்வெட்டரு? எதுக்கு ஸ்கூலு சட்ட?" என்றாய். உன் பொம்மை லாரியை நான் பையில் வைத்தபோது அதையும் எடுத்து ஜன்னல் மேல் வைத்தாய். "இத வந்து வெளையாடிக்கிறேன். அங்க தண்ணில போய்டும்." நான் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

"சித்தி வூட்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றியாடா?"

"நீ வர்றியா?"

"நா எப்டி வர்றது? அப்பாவுக்கு யாரு சோறாக்குவா?"

"அப்போ நானும் வர்ல. உனக்கு யாரு தொண?" என்று சொல்லிவிட்டு மஞ்சள் டவுசரைப் போட்டுக்கொண்டு ஆட்டுக்குக் காட்டப் போய்விட்டாய். நான் ஸ்வெட்டரையும் சட்டையையும் மறுபடி பையின் அடியில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடினேன். லாரியை மட்டும் எடுக்கவில்லை. நீ வந்து விளையாடுவதாகச் சொன்ன பொருளை எடுக்க எனக்குக் கை வரவில்லை. இன்றும் அது ஜன்னல் மேல்தான் இருக்கிறது. உனக்குப் பிள்ளைகள் பிறந்தால், அவர்களை எங்கே அழைத்துப் போகிறாய், எதற்கு அழைத்துப் போகிறாய் என்று சொல்லிவிட்டு அழைத்துப் போ. அழுதால் அழட்டும். சொன்ன பிறகு வருகிற அழுகை வேறு, சொல்லாமல் விட்ட பிறகு வருகிற அழுகை வேறு.

அப்பா வண்டியில் முன்னால் எல்லோரும் உட்கார முடியாது என்பதால் பஸ்ஸில் போனோம். ஆலங்காயத்தில் அத்தை ஏறிக்கொண்டாள். நீ ஜன்னலோரம். தர்மபுரி தாண்டியதும் பார்க்கிற மலையெல்லாம் அருவி மலைதானா என்று கேட்டாய். சித்தியும் சித்தப்பாவும் முன்பே வந்து காரோடு நின்றிருந்தார்கள். நீ கேட்டதெல்லாம் நடந்தது, தம்பி. ஒன்றுகூட விடவில்லை. பரிசலில் நடுவில் உட்கார்ந்தாய். அப்பா உன் ஜாக்கெட்டின் பட்டையை மூன்று முறை இழுத்துப் பார்த்தார். பரிசல்காரர் சுற்றிவிட்டபோது நீ போட்ட கூச்சலில் பாறை மேல் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மாலிஷ்காரர் அப்பா தலையில் தாளம் போட்டார், நீ அதற்கு ஆடினாய். மீனில் முள் எடுத்து உன் வாயில் வைத்தேன். அத்தை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மொளகா காட்டமா இருக்குது" என்று கண்ணைத் துடைத்தாள்.

அப்பா உன்னை அருவியில் நிற்க வைத்துக் குளிப்பாட்டினார். அதன் பிறகு கொஞ்சம் தள்ளி, தண்ணீர் அமைதியாக ஓடுகிற இடத்துக்குப் போனோம். அத்தை பையிலிருந்து சிவப்புக் கயிறும், மஞ்சள் கரைத்த சொம்பும், புது பிளேடும் எடுத்தாள். பிளேடை அப்பாவிடம் கொடுப்பாள் என்று நினைத்தேன். என்னிடம் நீட்டினாள்.

"நானா?" என்றேன்.

"பெத்தவதான் அறுக்கணும். அவ இல்ல. வளத்தவ நீதான இருக்க. அம்மா எடத்துல நின்னு அறுத்துடு" என்றாள்.

என்னை அப்படிக் கூப்பிடக் கூடாது என்று உனக்கு மிட்டாய் கொடுத்துப் பழக்கினார்கள். அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் அந்த இடத்தை எனக்குத் திருப்பிக் கொடுத்தார்கள், அறுப்பதற்காக. நான் மண்டி போட்டு உட்கார்ந்தேன். கறுப்புக் கயிறு, போன வருஷம் நான் கட்டியது. நனைந்து உன் இடுப்போடு ஒட்டியிருந்தது. விரலை உள்ளே விட்டபோது உனக்குக் கிச்சுக் கிச்சு மூட்டிவிட்டது. நெளிந்து நெளிந்து சிரித்தாய். "ஆடாதடா, பட்டுடும்" என்றேன். அறுந்தது. அதை நான் வைத்துக்கொள்ளலாமா என்று அத்தையைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்தது. "வேணாம்டி. நீ வச்சினு இருந்தா அவன் அங்க ஒட்ட மாட்டான்" என்றாள். நீ ஒட்ட வேண்டும். தெரியாத வீட்டில், தெரியாத தெருவில், ஜன்னல் வழியாக முட்டை வீடு தெரியாத இடத்தில் நீ ஒட்டாமல் நின்று அழுதால் நான் என்ன செய்வேன்? தண்ணீரில் விட்டேன். கொஞ்ச தூரம் தெரிந்தது.

சித்தி சிவப்புக் கயிறு கட்டினாள். மஞ்சள் தண்ணீரை உன் வாயில் வைத்தாள், நீ முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினாய். "கண்ணு, இனிமே என்ன எப்டிக் கூப்டணும்? அம்மா சொல்லு" என்றாள். நீ அவளைப் பார்த்தாய். உடனே திரும்பி என்னைப் பார்த்தாய். யாரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தானே. நான் தலையாட்டினேன். இந்த முறை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஆட்டினேன்.

"அம்மா" என்றாய் சித்தியைப் பார்த்து. ஒரே தடவையில், தெளிவாக. சித்தி உன்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் தோளுக்கு மேலே நீ என் பக்கம் வலது கையை நீட்டினாய். உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாய். சரியாகச் சொல்லிவிட்டாய் அல்லவா, மிட்டாய் எங்கே என்று. என்னிடம் இல்லை, தம்பி. ஸ்வெட்டர் இருந்தது, ஸ்கூல் சட்டை இருந்தது, ஆட்டுக்கு எடுத்துப் போக காலி பாட்டில்கூட இருந்தது. அது மட்டும் இல்லை.

காரில் ஒரு ரவுண்டு போய்வரலாம் என்று சித்தப்பா கூப்பிட்டார். நீ முன் சீட்டில் ஏறி, கண்ணாடியைத் தட்டி எனக்குக் கையாட்டினாய். கார் போன பிறகு அப்பா வெகுநேரம் சாலையோரத்திலேயே நின்றார். திரும்பும் பஸ்ஸில் நான் பழக்கத்தில் ஜன்னலோரத்தை விட்டுவிட்டு உட்கார்ந்தேன். யாரோ வந்து, "ஆளு வருதாம்மா?" என்று கேட்டார்கள். நகர்ந்து உட்கார்ந்தேன். பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்தேன். ஆடு குடித்தது.

நீ முதல் வாரம் சாப்பிடவில்லை என்று சித்தி போனில் சொன்னாள். போனை உன்னிடம் கொடுத்தாள். நீ பேசவில்லை, மூச்சு விடுவது மட்டும் கேட்டது. நானும் பேசவில்லை. நம் இரண்டு பேருக்கும் தொண்டை ஒன்றுதான். இப்போது சாப்பிடுகிறாயாம், பக்கத்து வீட்டுப் பையனோடு சைக்கிள் விடுகிறாயாம், சித்தியை அம்மா என்று தானாகவே கூப்பிடுகிறாயாம். கூப்பிடு. அதில் எனக்குக் குறையில்லை. ராத்திரி நீ புரண்டு படுத்தால் போர்த்திவிடுகிறவளுக்கு அந்த வார்த்தை போய்ச் சேர வேண்டும்.

நீ போன பிறகு வந்த முதல் இடமே முடிந்துவிட்டது. மாப்பிள்ளை போனில், "நீங்க பேசவே மாட்டீங்களா?" என்று கேட்கிறார். பேசுவேன். இந்தக் கடிதத்தை முதலில் அவரிடம்தான் கொடுக்கப் போகிறேன். இந்தப் பையன் யார் என்று அவர் யாரிடமும் விசாரிக்க வேண்டாம். என் தம்பி. நான் வளர்த்த பிள்ளை. இரண்டும்தான். இதைப் படித்துவிட்டு அவர் என்ன சொல்கிறாரோ சொல்லட்டும், நான் தலை குனிய மாட்டேன்.

அடுத்த வருஷம் தண்ணீர் குறைந்ததும் ஒகேனக்கல்லுக்கே உன்னைக் கூட்டி வருவதாகச் சித்தி சொல்லியிருக்கிறாள். வாசலுக்குக் கூட்டி வரக் கூடாது, அங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அத்தையும் ஒத்துக்கொண்டாள். அதனால் இப்போதும் சாயங்காலம் டிவி முன்னால் உட்காருகிறேன். அப்பாவும் வந்து உட்காருகிறார். கீழே எழுத்து ஓடும்போது சைபரை எண்ணுகிறேன். நீ கேட்டதைத்தான் இப்போது நானும் கேட்கிறேன். அன்றைக்கு உனக்கு எதிராகக் கேட்டதற்கெல்லாம் சேர்த்துக் கேட்கிறேன்.

சொன்னபடி கூட்டி வருவார்களோ, ஒவ்வொரு வருஷமும் ஏதாவது தள்ளிப் போகுமோ, எனக்குத் தெரியாது. நீ பெரியவனாகி இதைப் படிக்கும்வரை நாம் பார்க்காமலே இருந்துவிட்டால், தண்ணீர் குறைந்த ஒரு நாளாகப் பார்த்து நீயே வா. பரிசல் துறையில் நிற்கிறேன். கூட்டத்தில் என்னைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் சத்தமாகக் கூப்பிடு. என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று யோசிக்காதே. நீ எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன். பையில் கடலை மிட்டாய் இருக்கும். கையை மட்டும் நீட்டு.

உன்னை வளர்த்தவள்